அப்பாவின் பிரஷர்

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவுக்கு மாதா மாதம் வீடியோ காலில்தான் செக்கப். திரையில் ஒரு கட்டத்தில் டாக்டர், இன்னொன்றில் ஆபீஸிலிருந்து மகள்.

“உப்பைக் குறைச்சீங்களாப்பா? இந்தத் தடவையும் பிரஷர் ஏறியிருந்தா, நேர்ல வந்து உப்பு டப்பாவையே தூக்கி எறிஞ்சிடுவேன்.”

“குறைச்சாச்சு தாயே. நீ பேசப் பேசத்தான் ஏறுது.”

“பிரஷர் பார்த்துடலாம்” என்றார் டாக்டர்.

மெஷின் உர்ரென்று காற்றடித்து ஓய்ந்ததும், அப்பா எண்களைக் கேமராவுக்கு நேராகக் காட்டினார்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நூத்தித் தொண்ணூறா? இன்னொரு தடவை பாருங்க.”

மறுபடியும் அதேதான்.

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“அப்பா!” மகளின் குரல் உடைந்தது. “இனிமே திட்டவே மாட்டேம்ப்பா...”

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. “டாக்டர்... அது என் கை இல்ல.”

போனைத் திருப்பினார். கையில் பட்டையோடு அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். “இவருக்கு ஏறியிருந்தா நீ கத்துவியேன்னு நான்தான் கையை நீட்டினேன். எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்.”

“அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி எப்போ பிரஷர் பார்த்தீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“பார்த்ததே இல்ல, டாக்டர்” என்று அப்பா தலையைக் குனிந்தார்.

“கூட்டுக் களவாணிங்களா!” மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கிளம்புங்க, நானும் வர்றேன்.”

அப்பா எழுந்து, தன் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்தார். “அசையாதே. செருப்பு நான் எடுத்துட்டு வர்றேன்.”