சாராள் கழுவாத தட்டு

தன் முயல்குட்டிக்கு உள்ள ஒழுங்கு கும்மிடிப்பூண்டியில் எந்த மனுஷனுக்கும் கிடையாது, ஒரே வாரத்தில் அது பட்டாளத்து சிப்பாய் மாதிரி தட்டில் ஏறித்தான் வெளிக்கு இருக்கும் என்று மோசஸ் செய்த சத்தியத்துக்கு இன்று ஏழாம் நாள். அவன் பெண்டாட்டி சாராள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பத்தடி அறையில் பத்து யானை கட்டின நாற்றம். பாயெல்லாம் புழுக்கை. நேற்று கொண்டைக்கடலை என்று ஒன்றை வாயில் போட்டவள் இன்னும் துப்பிக்கொண்டிருக்கிறாள். மூலையில் மரத்தூள் கொட்டிய தகரத் தட்டு. அதைத் தினமும் அவள் பினாயில் ஊற்றிக் கழுவுகிறாள். முயல் மோந்து தும்மிவிட்டு, அவள் மடித்து வைத்த சர்ச் புடவையில் போய் உட்காருகிறது.

"இன்னொரு வாட்டி கீழ வுட்டா, நாளைக்கே ஊத்துக்கோட்டை சந்தைக்குத்தான் போவும்!"

"நீ கழுவாதம்மே. அதோட நாத்தத்தை மோந்துதான் அது எடத்தைக் கண்டுக்கும்." மோசஸ் வெறும் விரலால் ஈரப் புழுக்கைகளைப் பொறுக்குகிறான். தரையைத் துடைத்து, துருத்தண்ணீர் நிறத்தில் மூத்திரம் சொட்டும் கந்தலோடு அவற்றைத் தட்டில் வைக்கிறான்.

"உவ்வே! அந்தக் கையால சோத்தைத் தொட்ட, பாத்துக்க!"

கம்பெனிச் சங்கு ஊதுகிறது. அவன் அசையவில்லை. ஜன்னல் வெயிலில் முயலின் மூக்கு துடிக்கிறது. ஒரு காது புடவைப் பக்கம் திரும்புகிறது. மோசஸ் மூச்சை அடக்குகிறான். குட்டி தட்டில் ஏறி வாலைத் தூக்குகிறது. மரத்தூளில் ஐப்பசி மழை கொட்டுகிற சத்தம்.

சாராள் பினாயில் பாட்டிலை மூடி அலமாரியில் ஏற்றுகிறாள்.

"த்தூ, இன்னா நாத்தம்யா! ஆனா தட்டுலதான் வுட்டுச்சு. என் கண்ணாலயே பாத்தேன்."