ஓடாத கார்

"இஞ்சினே போயிடுச்சுக்கா. இதைச் சரிபண்ற காசுக்கு இதே மாதிரி ரெண்டு வண்டி வாங்கலாம். பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார் மெக்கானிக் ஹமீது.

ரோஸ்லின் காரின் முன்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நினைவு தப்பத் தொடங்கியதிலிருந்து அப்பா அடங்கி உட்காரும் ஒரே இடம் அதுதான். சாயங்காலமானால், வீட்டுக்குப் போகணும் என்று சொந்த வீட்டு வாசலில் நின்றே கத்துவார். காரில் ஏற்றி ஊரைச் சுற்றிவந்து அதே வாசலில் இறக்கிவிட்டால், வீடு வந்துவிட்டது என்று உள்ளே போய்ச் சாப்பிடுவார். வேறு வண்டி எதிலும் ஏற மாட்டார்.

"ரிப்பேர் வேண்டாம். கட்டி இழுத்துட்டு வந்து வீட்டுல விட்டுடுங்க."

"அது ஓடாதேக்கா."

"தெரியும்."

அன்று சாயங்காலம் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு முன்னால் மதில்சுவர்தான் இருந்தது. அப்பா அதைக் கடைத்தெருவைப் பார்ப்பதுபோல ஆர்வமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்த உடம்பு அவளுக்கு. எப்போது கண் சொருகியதென்று தெரியவில்லை.

அப்பாவின் கை தோளைத் தொட்டது.

"தூக்கம் வருதாம்மா? வண்டிய ஓரமா நிறுத்து. என்ன அவசரம்? கொஞ்சம் தூங்கிட்டே போலாம்."

அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.