எலும்பைக் கரைப்பவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்கால்.

அடையாறில் அந்தப் பரிசோதனைக்கூடம் இன்னும் முழுதாக விழித்திருக்கவில்லை. ஸ்லைடுத் தட்டுக்காகத்தான் டாக்டர் சான்ட்ரா சீக்கிரம் வந்தாள். டாக்டர் மாளவிகா அதைவிடச் சீக்கிரம் வந்திருந்தாள்.

"ஓடி வாடி. இந்த எலும்பைப் பாரேன்."

பெயர் தெரியாமல் பார்ப்பது அங்கே வழக்கம். ஸ்லைடில் ஓர் எண்ணும், சதை எடுத்த இடமும் மட்டுமே இருக்கும்.

ஒரே மைக்ராஸ்கோப்பில் எதிரெதிராக இருவர் பார்க்கலாம். சான்ட்ரா உட்கார்ந்து கண்களைப் பொருத்தினாள்.

முதலில் நிறம் மட்டும். பெசன்ட் நகர் கடல்மேல் விடிவதற்குச் சற்று முன் வரும் ரோஸ். அது எலும்பு.

அப்பால் ஊதாத் தீவுகள். ஈறிலிருந்து இறங்கி வந்த புற்று.

தீவுகள் எலும்பைத் தொடவே இல்லை.

இடையில் மெல்லிய ஒரு வெளி. அங்கே, எலும்பின் கரையில், தாங்களே தோண்டிய குழிகளில் பெரிய பெரிய செல்கள் அமர்ந்திருந்தன. பழைய எலும்பைக் கரைப்பது அவற்றின் அன்றாட வேலை. பின்னால் வரும் செல்கள் புதிதாகக் கட்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

புற்று கடிப்பதில்லை. எட்ட நின்று சொல்லி அனுப்புகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

யார் சொன்னது என்று இந்தச் செல்கள் கேட்பதில்லை.

"ஆத்து மனுஷாளே ஆத்தை இடிச்சிண்டிருக்கா பாரு," என்றாள் மாளவிகா.

ரோஸ் நகர்ந்தது. சான்ட்ராவும் அதோடு மிதந்தாள். கீழ்ஸ்தாயியில் பாடும்போது தாடை லேசாக அதிரும். அந்த அதிர்வு இப்படியொரு நிறத்துக்குள் ஓடும் என்று அவள் நினைத்ததில்லை.

புற்று மேலோடு நின்றிருந்தால் எலும்பின் ஓரத்தைச் சீவினால் போதும். மஜ்ஜைக்குள் இறங்கியிருந்தால் தாடையில் ஒரு துண்டே போகும்.

மாளவிகா ஸ்லைடை மஜ்ஜைப் பக்கம் நகர்த்தினாள்.

"மெதுவா," என்றாள் சான்ட்ரா.

"அடேயப்பா, வாயைத் திறந்துட்டா! ஒரு பல்லு போனதுக்கு ஒரு வாரமா மௌன விரதம். ஞாயித்துக்கிழமை சர்ச்ல உன் பாட்டை யாருடி பாடினா?"

மஜ்ஜை வந்தது. வெள்ளைக் குமிழ்கள், சோப்பு நுரை போல.

நுரை. நுரை.

நுரைக்கு நடுவில் ஒரு சின்ன ஊதாத் தீவு.

மாளவிகா 'ச்சு' கொட்டினாள். ஸ்லைடின் ஓரத்தைப் படித்தாள்.

"வலது கீழ்த்தாடை. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கின பள்ளம். வெறும் பல்லு ஆடறதுன்னு நினைச்சுண்டு போயிருப்பா, பாவம்."

சான்ட்ரா கண்ணை எடுக்கவில்லை. வாய்க்குள் அவள் நாக்கு மட்டும் வலப்பக்கம் நகர்ந்து, கீழே, பல் இல்லாத இடத்தில் நின்றது.

எதிரில் நாற்காலி அசைந்தது.

"ஆமா, உனக்கு எந்தப் பக்கம்டி எடுத்தா?"