ரன்வே தெரியவில்லை

"சென்னை, கோதண்டபாணி பேசறேன். எறங்கலாமா பாய்?"

ஷபீ அஹமது ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "இப்ப வேணாம் கேப்டன். ரன்வேயில நாய் பூந்துடுச்சு, தொரத்திக்கினு இருக்காங்க. வேலூருக்கு மேலயே கொஞ்சம் சுத்திக்கினு இருங்க."

"சரி பாய். நாய்க்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

நாயும் இல்லை, நரியும் இல்லை. ரன்வேயே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம். ஒருவர் பைலட் என்றால் இன்னொருவர் தன் வீட்டு மாடியில் சென்னைக் கட்டுப்பாட்டு அறை. விளையாட்டுதான். ஆனால், இந்திய வான்வெளி விதிகள் என்று பக்கம் பக்கமாகச் சட்டம் உண்டு. ஆம்பூர் பைபாஸில் ஹெல்மெட் இல்லாமல் எதிர்த்திசையில் வண்டி விடுகிற ஷபீகூட அந்த வானத்தில் நூறு அடி தப்ப மாட்டார்.

கோதண்டபாணி அவருக்கும் ஒரு படி மேல். 'பறக்கும்போது பைலட் இருக்கையை விட்டு எழக் கூடாது' என்று விதி இருக்கிறது. போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை பரவியபோதும், "தரையிறங்கிட்டு வர்றேன், இரு" என்று மனைவியிடம் சொன்ன மனிதர்.

அந்த விதியை நம்பித்தான் ஷபீ இன்று காரியத்தில் இறங்கியிருந்தார்.

இருவரும் ஆம்பூரில் எதிரெதிர் ஷூ கம்பெனிகளில் சாம்பிள் ரூம் பொறுப்பாளர்கள். நாளைக் காலை ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறார். எந்தக் கம்பெனியின் சாம்பிள் ஜோடி பிடிக்கிறதோ, அதற்கு வருஷம் பூராவும் ஆர்டர். "இது கைவிட்டுப் போச்சுன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆளப் பார்த்துக்கறேன்" என்று ஷபீயின் முதலாளி சொல்லிவிட்டார். ஃபேக்டரியில் வைத்தால் யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள் என்று இருவருமே சாம்பிளை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோதண்டபாணியே போன் செய்தார். "வீட்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை பள்ளிகொண்டா கல்யாணத்துக்குப் போறாங்க. உங்க வீட்லயும்தானே? நான் பெங்களூர்லேர்ந்து பறந்து வர்றேன். சென்னையில நீங்க உக்காருங்க பாய்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஷபீ உடனே கம்பெனி டிரைவர் ஜெர்சனைக் கூப்பிட்டு, கோதண்டபாணி வீட்டுப் பின்வாசல் தாழ்ப்பாள் ஆடுகிற விஷயத்தைச் சொன்னார்.

இப்போது ஜெர்சன் அங்கே கீழ் ஹாலில் இருப்பான். கோதண்டபாணி மாடியில், காதில் ஹெட்போனோடு, விதிக்குக் கட்டுப்பட்டு, நாய் நகரக் காத்திருப்பார்.

பொழுது போகாமல் ஷபீ அவருடைய பயணத் திட்டத்தைத் திரையில் பார்த்தார். பெங்களூர் டு சென்னை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. எரிபொருள் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு.

"இன்னா கேப்டன், துபாய் போற அளவுக்கு டேங்க்கை ரொப்பிக்கினு வந்திருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் பெட்ரோல்தானே பாய். இனாமா வருது, கம்மியா எதுக்கு ஊத்தணும்?"

ஷபீ சிரித்து முடிக்கும்போது போனில் ஜெர்சன். "பொட்டி கைக்கு வந்துடுச்சு பாய். கெளம்பிட்டேன்."

"நாய் போய்டுச்சு கேப்டன்" என்றார் ஷபீ, மைக்கில். "எறங்குங்க."

விமானம் இறங்கியது. தரையைத் தொடப்போகும் நேரத்தில் விருட்டென்று மேலே ஏறிவிட்டது.

"ரன்வே தெரியல பாய். ஒரே மூட்டம். ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

ஷபீயின் திரையில் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பைலட் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான், அதுவும் விதி. கையில் விமானம் இருக்கும்வரை கட்டுப்பாட்டு அறைக்காரரும் இருக்கையை விட்டு எழக் கூடாது என்பது அதற்கடுத்த விதி. பாதியில் எழுந்து போனால் புகார் வரும், ஏன் போனாய் என்று கேட்பார்கள். இன்றைக்குப் பார்த்து அந்தக் கேள்வி வேண்டாம்.

இரண்டாம் முறையும் விமானம் தரைவரை வந்து மேலே ஏறியது.

"கண்ணாடி போட்டுக்கினு பாருங்க கேப்டன்."

"போட்டுக்கினுதான் இருக்கேன் பாய்."

மூன்றாவது சுற்றில் இருந்தபோது ஜெர்சன் மாடியேறி வந்தான். "இன்னா பாய், வாசக்கதவ இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"உனக்காகத்தான் தாழ் போடல."

"தாழ் போடல, சரி. அதுக்குன்னு விரியத் தொறந்தா வெப்பாங்க?"

ஷபீ காதில் வாங்கவில்லை. பெட்டியை வாங்கி டேப்பைக் கிழித்தார். உள்ளே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"இன்னாடா இது?"

"நான் பிரிச்சுப் பாக்கல பாய். ஷெல்ஃபுல இருந்த பொட்டி இது ஒண்ணுதான். அதுவும் கண்ணுக்குப் படற மாதிரி வெச்சிருந்தாரு."

ஷபீக்கு ஏனோ அந்த ஐந்து மணி நேரப் பெட்ரோல் ஞாபகம் வந்தது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, விதியையும் மறந்து, கீழே ஓடினார். படுக்கையறை பீரோ திறந்து கிடந்தது. சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. நகைப்பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. சாம்பிள் பெட்டி மட்டும் இல்லை.

மாடியிலிருந்து ஜெர்சன் குரல் கொடுத்தான். ஹெட்போனை எடுத்து அவன் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"பாய், கேப்டனுக்கு இப்ப ரன்வே நல்லாத் தெரியுதாம். எறங்கிக்கவான்னு கேக்கறாரு."