எள்ளளவு வெளிச்சம்

எபனேசர் சார் திரையில் காட்டிய நோயாளிக்கு ஐம்பத்திரண்டு வயது. நுரையீரலில் புற்று. விரல் நுனிகள் உருண்டு வீங்கியிருந்தன. “ரெண்டு வருஷமா இந்த விரலாலதான் சோறு பிசைஞ்சு தின்னுருக்கான். ஒருநாள்கூட உத்துப் பாக்கல, மடையன்!” என்றார். எங்கள் செவிலியர் வகுப்பே சிரித்தது.

அந்த வீக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை சுலபமானது. இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்தால் நடுவில் எள்ளளவு வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் நோய். நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் விரலைத் தூக்கினோம். எல்லோருக்கும் தெரிந்தது.

“இப்படிப் பிடிக்கணும்” என்று சார் எங்களைப் பார்த்தபடியே புரொஜக்டர் ஒளியில் தன் விரல்களைச் சேர்த்து நீட்டினார். அவருக்குப் பின்னால் திரையில் நிழல் பெரிதாக விழுந்தது. அதில் இடைவெளியே இல்லை.

தூக்கிய விரல்களை ஒவ்வொருவராகக் கீழே இறக்கினோம்.

“சார், சரியாச் சேத்துப் பிடிங்க சார்” என்றாள் முன்பெஞ்சு நிலோஃபர்.

“இருபது வருஷமா சொல்லிக்குடுக்குறேன், எனக்கேவா?” என்று சிரித்துக்கொண்டே திரும்பித் திரையைப் பார்த்தார்.

விரல்களைப் பிரித்தார். நகங்களைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் சேர்த்தார்.