கிட்டங்கி வாசலில் ஒரு கேள்வி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவாரை இலையை ஆய்ந்து கொடுக்க, தூத்துக்குடி சரக்குக் கிட்டங்கி வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

“பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒண்ணு வீட்ல இருந்தாலும் வேலை கிடையாது. முதலாளி உத்தரவு!” என்றார் கணக்கப்பிள்ளை ரோச்.

முன்னால் நின்ற செண்பகத்திடம், “ஒன் கடைசிப் பய சும்மாதான சுத்துதான்? அவனையும் சேத்துட்டு நாளைக்கு வா” என்றார்.

பொய் சொல்லிவிடலாமா என்று அடுத்து நின்ற சீனித்தாய் தவித்தாள்.

“ஏளா, ஒன் பிள்ளை பள்ளிக்கூடம் போவுதா?” என்றார் ரோச் அவளிடம்.

“எனக்குப் பிள்ளையே இல்லய்யா.” சொன்னவள், பள்ளிக்கூடம் அனுப்பப் பிள்ளை இல்லாதவளுக்கு வேலை ஏது என்று தானாகவே திரும்பி நடந்தாள்.

“எங்க போற? பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன் வீட்ல உண்டா?”

“இல்ல...”

“பொறவென்ன? உள்ள போ!”

கல்யாண வீடுகளில் அவளை ஓரமாக நிறுத்திவைத்த அந்த ‘இல்லை’, இன்று கதவைத் திறந்துவிட்டது.