நாலாவது எலுமிச்சம்பழம்

பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மூன்று சக்கர டூரிங் பைக்கை நானும் நண்பன் கோபியும் மத்திகிரி வீட்டு வாசலிலேயே ஆல்டர் செய்தோம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. புது ஹெட்லைட், இரண்டு பெட்டி, சோபா மாதிரி சீட். தெருவே சிரித்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டோம்.

பூஜைக்கு அம்மா கார் ஞாபகத்தில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டார். மூன்றைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். மீந்ததைப் பின்சக்கரத்துக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி வெறும் தரையில் வைத்தார்.

"நாலும் நசுங்கணும். இல்லேன்னா ஏற்காட்டுக்கு விட மாட்டேன்."

"அங்க சக்கரமே இல்லம்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

வண்டியை எடுத்தேன். நாலும் நசுங்கின.

"நல்ல வண்டிடா, போயிட்டு வா," என்றார் அம்மா. "கோபி, பின்னாடி வலது சக்கரத்துல விதை ஒட்டியிருக்கு பாரு, தொடச்சி வுடு."

கோபி துணியோடு வலப்பக்கம் குனிந்தான். ஒன்றுமில்லாத இடத்தில் துணி வட்டமாகச் சுற்றி வந்தது. துணியில் டயர் கறுப்பும் ஒரு விதையும் ஒட்டியிருந்தன. பிறகு அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"மச்சான், இதுல காத்து கம்மியா இருக்குடா," என்றான்.